துன்பமும் பழியும்: தமிழில் கேடு குறித்த சொற்களின் பொருள் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கேடு, ஊழ், வினை, விதி, இழவு, பாவம், மூதேவி, விபத்து முதலிய சொற்கள் தமிழில் வாழ்க்கைத் துன்பத்தையும் அதன் காரணத்தையும் குறிக்க வழங்குகின்றன. இச்சொற்களின் பொருள் காலந்தோறும் மாறிவந்துள்ளது. அம்மாற்றங்களைத் தொகுத்து நோக்கினால், துன்புற்றவர் பழிக்குரியவரா என்னும் வினாவுக்கு ஒவ்வொரு காலமும் அளித்த விடை அவற்றில் பதிந்திருப்பதைக் காணலாம். நடுநிலையில் நின்ற சொற்கள் தீமையின் பக்கம் சரிந்ததையும், துன்பத்தைக் குறித்த சொற்கள் வசைச்சொற்களானதையும், பழியைக் குறித்த ஒரு சொல் இரக்கச் சொல்லானதையும் இக்கட்டுரை இலக்கணம், இலக்கியம், கல்வெட்டு, பேச்சு வழக்கு ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஊழ், பால், வினை, கேடு, மூதேவி, பாவம், விபத்து, பழி, பொருள் மாற்றம்.

முன்னுரை

ஊழ் குறித்த ஆய்வுகள் தமிழில் பல உள. அவற்றுள் பெரும்பாலானவை ஊழை ஒரு மெய்யியற் கோட்பாடாகக் கொண்டு, அது எச்சமயத்திற்கு உரியது, முயற்சிக்கு இடந்தருவதா என்னும் வினாக்களை ஆராய்ந்தவை. துன்பம் குறித்த சொற்களை ஒரு தொகுதியாக வைத்து, அவற்றின் பொருள் எத்திசையில் நகர்ந்தது என நோக்கும் முயற்சி குறைவு.

இத்தகைய நோக்கு சொல்லாராய்ச்சிக்கு மட்டும் பயன்படுவதன்று. ஒருவர்க்கு நேர்ந்த இழப்பை 'விதி' என்று சொல்வதற்கும் 'விபத்து' என்று சொல்வதற்கும் 'குற்றம்' என்று சொல்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முதற்சொல் கேள்வியை முடித்துவைக்கிறது; இரண்டாவது இழப்பீட்டுக்கு வழிதிறக்கிறது; மூன்றாவது பொறுப்பாளியைத் தேடச் செய்கிறது. எனவே சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே பொறுப்பும் ஒருவாறு பகிர்ந்தளிக்கப்பட்டுவிடுகிறது. துன்பத்தையும் பழியையும் தமிழ்ச் சொற்கள் எவ்வாறு பிரித்தும் இணைத்தும் வந்துள்ளன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

1. நிகழ்வுச் சொற்களும் காரணச் சொற்களும்

கேடு குறித்த தமிழ்ச் சொற்களை இரு வகையாகப் பகுக்கலாம். நேர்ந்த துன்பத்தையோ அதனால் உண்டாகும் நிலையையோ குறிப்பவை முதல்வகை. இடர், இடுக்கண், இடும்பை, அல்லல், இன்னல், துன்பம், இழவு, கேடு என்பன இதில் அடங்கும். துன்பத்தை விளைவிக்கும் காரணத்தைக் குறிப்பவை இரண்டாம் வகை. பால், ஊழ், முறை, வினை, விதி, தெய்வம் என்பன இவ்வகையின.

முதல்வகைச் சொற்கள் தொடக்கத்தில் காரணம் பற்றிப் பேசுவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறது. பிறரால் இகழப்பட்டு எளிமையுறுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், பண்டைய நிலை கெட்டு வருந்துதல், நுகர்வுக்கு வழியின்மை என உரையாசிரியர்கள் இவற்றை விளக்குவர். துன்பத்தைப் பற்றிய இப்பழைய பகுப்பில் துன்புற்றவரின் தகுதியோ முன்செய்கையோ இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. நான்கும் அழுகைக்கு உரிய காரணங்கள் என்பதோடு இலக்கணம் நின்றுவிடுகிறது. இவற்றுள் இளிவு தனித்து நோக்கத்தக்கது. பிறர் இகழ்ச்சியே ஒரு துன்பம் என அது ஏற்கிறது. துன்பத்தோடு பழியும் வந்து சேரும்போது அது இரண்டாவது துன்பமாகிறது என்னும் புரிதல் இப்பகுப்பில் அடங்கியுள்ளது.

திருக்குறளின் 63ஆம் அதிகாரமாகிய இடுக்கண் அழியாமையும் இவ்வாறே அமைந்துள்ளது. அதன் குறள்களில் இடுக்கண், இடும்பை, துன்பம் என்னும் சொற்கள் மாறிமாறி வருகின்றன. ஊழ், வினை, விதி என்னும் காரணச் சொல் எதுவும் துன்பத்திற்கு விளக்கமாக வரவில்லை. துன்பம் வந்துற்றபோது எவ்வாறு நிற்பது என்பதே அங்குப் பொருள். அது ஏன் வந்தது என்பதன்று. அறத்துப்பாலின் இறுதி அதிகாரமாக ஊழை வைத்த நூல், பொருட்பாலில் துன்பத்தைத் தாங்கும் திறத்தைத் தனியே பேசுவது, நிகழ்வையும் காரணத்தையும் அது பிரித்து நோக்கியதைக் காட்டுகிறது.

2. பங்கும் முறையும்

காரணச் சொற்களுள் பழமையானது 'பால்'. பகுதி, கூறு, பங்கு என்பன இதன் அடிப்படைப் பொருள்கள். ஒருவர்க்குரிய பங்கே அவருடைய பால். தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவது பாலின் ஆணையால் என்பது தொல்காப்பியக் களவியலின் கருத்து. அங்கே பால் கூட்டிவைப்பது இன்பத்தை. எனவே பால் என்னும் சொல் கேட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

கிளவியாக்கத்தில் காலம், உலகம், உயிர், உடம்பு, பால்வரை தெய்வம், வினை, பூதம், ஞாயிறு, திங்கள், சொல் எனப் பத்துச் சொற்கள் ஒரு தொகுதியாக எண்ணப்படுகின்றன. உயர்திணைக்குரிய பால் பகுப்பை ஏலாமல் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களுக்கு எடுத்துக்காட்டாக இவை தரப்பட்டுள்ளன. இப்பட்டியல் இருவகையில் முக்கியமானது. முதலாவது, பால்வரை தெய்வமும் வினையும் தனித்தனியே எண்ணப்படுவதால், பங்கை வரையறுக்கும் ஆற்றலும் செய்கையின் பயனும் ஒன்றல்ல என்னும் வேறுபாடு அக்காலத்தில் இருந்தது எனக் கொள்ளலாம். இரண்டாவது, காலம், ஞாயிறு, திங்கள் ஆகியவற்றோடு அவை வைத்து எண்ணப்படுகின்றன. மனிதரின் நன்மை தீமையைக் கருதாது இயங்கும் பொருள்களின் வரிசையில் அவை நிற்கின்றன.

பங்கு என்னும் கருத்து தமிழுக்கு மட்டும் உரியதன்று. 'பாக்கியம்' என்னும் வடசொல்லின் அடியும் பங்கு என்னும் பொருளுடையது. அதிலிருந்தே 'துர்ப்பாக்கியம்' அமைந்தது. தமிழ் முசுலிம்களின் வழக்கில் உள்ள 'நசீபு' என்னும் அரபுச் சொல்லுக்கும் பங்கு என்பதே முதற்பொருள். குறள் 377, பங்கிடுபவனை 'வகுத்தான்' என்கிறது. மூன்று மொழிகளின் சொற்களும் வாழ்வின் நன்மை தீமைகளை ஒருவர் ஈட்டியதாகக் கருதாமல் ஒருவர்க்கு அளிக்கப்பட்டதாகக் கருதுகின்றன. அளிக்கப்பட்ட பங்கு சிறிதாயின் பெற்றவரைப் பழித்தற்கு இடமில்லை.

'ஊழ்' என்னும் சொல் முறை, முதிர்வு என்னும் பொருள்களோடு தொடர்புடையது. 'ஊழ்த்தல்' மலர்தலையும் முதிர்தலையும் குறிக்கும்; குறள் 650 இதனை மலர்தற் பொருளில் ஆள்கிறது. காய் கனிவதும் இதழ் உதிர்வதும் முறைப்படி நிகழ்வது போல வாழ்வின் மாற்றங்களும் நிகழ்கின்றன என்பது இச்சொல்லின் உட்பொருள். புறநானூறு 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் ஆற்றுநீரின் வழியே செல்லும் புணையை உவமையாக்கி, உயிர் 'முறை' வழியே செல்வதைப் பேசுகிறார். அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவு, பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்பதாகும். முறையை ஏற்பது இங்குச் செயலின்மைக்குக் காரணமாகவில்லை; தாழ்ந்தாரை இகழாமைக்குக் காரணமாகிறது. இவ்விணைப்பு பிற்காலத்தில் பெரும்பாலும் அறுந்துபோயிற்று.

புறநானூறு 194ஆம் பாடல் வேறொரு நிலையைக் காட்டுகிறது. ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிக்கும் உலகைக் கண்ட பக்குடுக்கை நன்கணியார், அவ்வாறு படைத்தவனைப் பண்பற்றவன் எனச் சாடுகிறார். இரந்தே உயிர்வாழ வேண்டுமாயின் உலகைப் படைத்தவன் அலைந்து கெடுக எனக் குறள் 1062 சினக்கிறது. இவ்விரண்டிலும் பழி உண்டு. அது துன்புற்றவரை நோக்கியதன்று, படைத்தவனை நோக்கியது.

திருக்குறளில் ஊழ் இருபக்கமும் உடையது. ஆகூழ், போகூழ், இழவூழ், ஆகலூழ் என அடைமொழி பெற்றே அது நன்மையோ தீமையோ ஆகிறது. தனித்து நிற்கும் ஊழ் நடுநிலையானது. எனினும் பழி பற்றிய வினாவில் நூல் ஒரே நேர்க்கோட்டில் செல்லவில்லை. குறள் 371 சோம்பலும் போகூழால் தோன்றுவது என்கிறது. குறள் 617 மூதேவியாகிய முகடி சோம்பலில் உறைவதாகக் கூறுகிறது. முன்னதன்படி மடி ஊழின் விளைவு. பின்னதன்படி கேடு மடியின் விளைவு. அடுத்து வரும் குறள் 618 இம்முடிச்சை ஓரளவு அவிழ்க்கிறது. 'பொறி' இல்லாதிருப்பது எவரையும் பழித்தற்குரிய காரணமாகாது. அறிந்து முயலாதிருப்பதே பழிக்கு உரியது என்பது அதன் கருத்து. பொறி என்பதற்குப் பயன்தரும் விதி எனப் பரிமேலழகர் பொருள் கொள்வர். உறுப்புக் குறை எனக் கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும், துன்பத்தையும் பழியையும் வெளிப்படையாக வேறுபடுத்திய கூற்று அது.

3. பங்கு வினையாதல்

'வினை' என்பது சங்கப் பாடல்களில் பெரும்பாலும் செயல், தொழில், போர் என்னும் பொருள்களில் வழங்கியது. தலைவன் வினைவயிற் பிரிகிறான், வினைமுடித்து மீள்கிறான். அதனோடு முன்செய்கையின் பயன் என்னும் பொருளும் வளர்ந்து, பின்னர் ஊழோடு இணைந்து 'ஊழ்வினை' என்னும் தொகை நிலைபெற்றது. முறையைக் குறித்த சொல்லும் செய்கையைக் குறித்த சொல்லும் ஒன்றானபோது, துன்பத்தின் காரணம் துன்புற்றவரின் செய்கைக்குள் நுழைந்தது.

சிலப்பதிகாரம் இவ்விணைப்பின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டும் நூல். ஊழ்வினை வந்து பயன் ஊட்டும் என்பதை அதன் பதிகம் நூற்பொருள்களுள் ஒன்றாக வைக்கிறது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம், கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாய்ச் சங்கமன் என்னும் வணிகனைக் கொலைக்கு உள்ளாக்கியதைக் கண்ணகிக்கு எடுத்துரைக்கிறது. இவ்விளக்கம் வருமிடம் குறிப்பிடத்தக்கது. வழக்குரை காதையில் கண்ணகி சிலம்பை உடைத்து வழக்கை வென்றபின், பாண்டியன் குற்றத்தைத் தன்மேல் ஏற்று உயிர்நீத்தபின், மதுரை எரியுண்ட நிலையில்தான் ஊழ்வினை பேசப்படுகிறது. அரசவையில் ஊழ்வினை எவர்க்கும் காப்பாக முன்வைக்கப்படவில்லை. ஆராயாது தண்டித்தது அரசனின் பிழை என்பது முதலில் நிறுவப்படுகிறது. முற்பிறப்புச் செய்தி அதனை நீக்குவதில்லை. இருவகைக் கணக்குகளும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கின்றன.

13ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பரிமேலழகரிடத்தில் இவ்விடைவெளி சுருங்குகிறது. இருவினைப் பயன் செய்தவனையே சென்று சேர்வதற்குக் காரணமாகிய நியதி என அவர் ஊழுக்கு இலக்கணம் கூறி, ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி என்னும் ஏழும் ஒருபொருள் குறித்தன என்கிறார். பங்கைக் குறித்த பால், ஒழுங்கைக் குறித்த முறை, ஆசீவகரின் கொள்கைச் சொல்லாகிய நியதி, கட்டளையைக் குறித்த விதி ஆகிய அனைத்தும் செய்தவனைச் சென்றடையும் பயன் என்னும் ஒரே பொருளுக்குள் அடக்கப்பட்டன. தொல்காப்பியம் தனித்தனியே எண்ணியவை இங்கு ஒன்றாயின. உரைமரபில் இவ்வுரை பெற்ற செல்வாக்கால் இச்சமன்பாடு கற்றோரிடையே இயல்பானதாயிற்று.

4. நடுநிலைச் சொற்களின் சரிவு

ஒருபொருட் சொற்களாக்கப்பட்டவை காலப்போக்கில் தீமையின் பக்கம் சரிந்தன. இலக்கியத்தில் நல்வினை, தீவினை என அடைபெற்று வந்த வினை, 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' என்னும் பழமொழியில் அடையின்றியே தீவினையைக் குறிக்கிறது. 'விளையாட்டு வினையாயிற்று' என்னும் வழக்கில் அது தீங்கு என்னும் பொருளையே தருகிறது. வினைச்சொல், எதிர்வினை, வேதிவினை என்னும் கலைச்சொற்களில் பழைய நடுநிலைப் பொருள் இன்றும் உள்ளது.

விதியும் அத்தகையதே. சாலை விதி, தேர்தல் விதி, இலக்கண விதி என்பவற்றில் அது ஒழுங்கு. 'எல்லாம் விதி' என்னும்போது அது கேடு. நல்லது நடந்தபோது பேச்சுவழக்கில் எவரும் அதனை 'தலைவிதி' என்பதில்லை. 'தலையெழுத்து' என்பதும் பெரும்பாலும் புலம்பலிலேயே வருகிறது. செயல், கடமை என்னும் பொருளுடைய 'கருமம்' இறப்புச் சடங்கின் பெயராகவும் அருவருப்பை வெளிப்படுத்தும் சொல்லாகவும் ஆயிற்று. இழப்பைக் குறித்த 'இழவு' சாவைக் குறித்துப் பின் சலிப்பின் சொல்லாகவும் மாறியது.

இதற்கு எதிரான போக்குடைய ஒரு சொல்லும் உண்டு. 'அதிர்ஷ்டம்' என்னும் வடசொல்லின் நேர்ப்பொருள் காணப்படாதது என்பதாகும். செய்கைக்கும் பயனுக்கும் இடையில் கண்ணுக்குப் புலனாகாது நிற்கும் ஆற்றலை மெய்யியல் நூல்கள் அச்சொல்லால் குறித்தன. தமிழ் வழக்கில் அது நன்மைக்கு மட்டும் உரியதாகிவிட்டதால், தீமையைக் குறிக்கத் 'துர்' என்னும் முன்னொட்டு வேண்டியதாயிற்று. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழிவந்த சொல்லாக்கங்களில் நல்லூழ், தீயூழ், நல்வாய்ப்பு, கெடுவாய்ப்பு என்னும் இணைகள் காணப்படுகின்றன. இவற்றுள் 'வாய்ப்பு' என்பது வினைப்பயனையோ தெய்வ ஆணையையோ உட்கொள்ளாத சொல். எனவே அது வடசொல்லுக்கு மாற்றாக அமைந்ததோடு, துன்பத்தின் காரணத்தைத் துன்புற்றவரிடமிருந்து விலக்கவும் செய்தது.

5. துன்புற்றவர் பழிக்குரியவராதல்

காரணச் சொற்களின் சரிவைவிடக் கருதத்தக்கது, துன்புற்றவரைக் குறித்த சொற்கள் அடைந்த மாற்றம். 'கெடுதல்' என்பதன் பழம்பொருள் அழிதல், இழத்தல், நிலைதாழ்தல் என்பதாகும். குறள் 115 கேட்டையும் பெருக்கத்தையும் இணையாக வைத்து, இரண்டும் வாழ்வில் இல்லாதவை அல்ல என்கிறது. அங்கே கேடு என்பது செல்வநிலையின் தாழ்ச்சி. நடுநிலை தவறாதவன் அடையும் தாழ்வை உலகம் கேடாகக் கருதாது என்பது குறள் 117இன் கருத்து. 'கெட்டும் பட்டணம் சேர்' என்னும் பழமொழியிலும் 'வாழ்ந்து கெட்ட குடும்பம்' என்னும் வழக்கிலும் இப்பொருள் இன்றும் உள்ளது. ஆனால் 'கெட்டவன்' என்னும் சொல் இன்று நிலைதாழ்ந்தவனைக் குறிப்பதில்லை, தீயவனையே குறிக்கிறது. இழந்தவனைக் குறித்த சொல் இழிந்தவனைக் குறிப்பதாயிற்று.

'தரித்திரம்' என்பது வறுமையின் பெயர். பேச்சில் அது வறியவரோடு ஒட்டிக்கொண்டு பிறரையும் கெடுக்கும் ஒரு தீங்காகப் பேசப்படுகிறது. துன்பம் என்னும் பொருளுடைய 'பீடை'யும் அவ்வாறே ஆளைக் குறிக்கும் வசையாயிற்று. 'ஏழை' என்னும் சொல்லின் வழி மாறானது. குறள் 873இல் அது அறிவிலியைக் குறிக்கிறது. பின்னர் வறியவரைக் குறித்தது. அறிவின்மையும் வறுமையும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து நின்றமை, வறியவரைப் பற்றிய சமூக மதிப்பீட்டைக் காட்டுவதாகக் கருத இடமுண்டு.

மூதேவியின் வரலாறு இம்மாற்றத்திற்குத் தெளிவான சான்று. மூத்த தேவி என்பதே இப்பெயரின் பொருள். தமக்கை என்னும் பொருளில் 'தவ்வை' எனவும், வடமொழிவழிச் 'சேட்டை' எனவும் அவள் வழங்கப்பட்டாள். குறும்பைக் குறிக்கும் 'சேட்டை' வேறொரு வடசொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. குறள் 167 பொறாமையுடையவனைத் திருமகள் தன் தவ்வைக்குக் காட்டிவிடுவாள் எனக் கூறுவதால், கேட்டின் தெய்வம் என்னும் கருத்து பழமையானதே. எனினும் அத்தெய்வம் வழிபடப்பட்டது. திருப்பரங்குன்றத்தில் 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பராந்தக நெடுஞ்சடையன் காலத்துக் குடைவரைக் கல்வெட்டு, சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்ததைப் பதிவுசெய்கிறது. பல்லவ, பாண்டிய, முற்காலச் சோழர் கோயில்களில் சேட்டையின் சிற்பங்கள் இடம்பெற்றுள்ளன. சேட்டையிடம் செல்வம் வேண்டி நிற்போரைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் கடிகிறார். அக்கண்டனமே வழிபாடு வழக்கில் இருந்ததற்குச் சான்றாகிறது.

பிற்காலத்தில் இவ்வழிபாடு பெரும்பாலும் மறைந்தது. நிகண்டுகளில் முகடி, கலதி, காக்கைக்கொடியாள் முதலிய பெயர்களோடு எஞ்சிய தெய்வம், பேச்சில் பெண்களை ஏசும் சொல்லாக மட்டும் நிலைத்தது. கேடு ஒரு தெய்வமாக இருந்தவரை, அதனை அமைதிப்படுத்த வழி இருந்தது; அது வீட்டுக்கு வெளியே ஒரு கோட்டத்தில் இருந்தது. தெய்வம் நீங்கிச் சொல் மட்டும் எஞ்சியபோது, அச்சொல் வீட்டிலுள்ள ஒரு பெண்மேல் வந்து அமர்ந்தது. மருமகளின் வருகைக்குப்பின் நேர்ந்த இழப்பு அவளால் நேர்ந்ததாகப் பேசப்படுவதற்கு இச்சொல் துணையாயிற்று.

கணவனை இழந்தவளை 'அமங்கலி' என்று குறித்ததும் இத்தகையதே. பேரிழப்பை அடைந்தவள் அவள். ஆனால் அச்சொல் அவளால் பிறர்க்குத் தீங்கு நேரும் என்று அறிவித்தது. எதிர்ப்படுதல் தீய நிமித்தம், மணவினையில் முன்நிற்றல் தகாது என்னும் விலக்குகள் அச்சொல்லின் வழியே இயங்கின. மெய்ப்பாட்டியல் கூறிய இழவோடு இளிவும் இவ்வாறு வந்து சேர்ந்தது.

6. எதிர்த்திசை இயக்கங்கள்

பழியைத் துன்புற்றவர்மேல் ஏற்றும் போக்கே தமிழில் முழுமையாக நிலவியது எனக் கொள்ளுதல் பிழை. 'பாவம்' என்னும் சொல் அதற்கு நேர்மாறான வழியில் சென்றது. தீவினை, குற்றம் என்னும் பொருளுடைய இச்சொல், இன்றைய பேச்சில் இரக்கத்தின் முதற்சொல். துன்புறும் ஒருவரைக் கண்டு 'பாவம்' என்பவர் அவரைக் குற்றவாளி என்று கூறுவதில்லை. தீவினையின் பயனை நுகர்கிறார் என்னும் கருத்திலிருந்து இரங்கத்தக்கவர் என்னும் கருத்துக்குச் சொல் நகர்ந்திருக்க வேண்டும். காரணம் மறக்கப்பட்டு இரக்கம் மட்டும் எஞ்சியது. கெட்டவன் என்னும் சொல் இரக்கத்தை இழந்து பழியைப் பெற்றது. பாவம் என்னும் சொல் பழியை இழந்து இரக்கத்தைப் பெற்றது.

பக்தி இயக்கம் வினைக் கோட்பாட்டை மறுக்காமலே அதன் பிடியைத் தளர்த்தியது. கொங்குநாட்டில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது திருஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. வினை உண்டு, ஆயினும் அது அடியாரைத் தீண்டாது என்பதே அப்பதிகத்தின் நிலைப்பாடு. கோளறு பதிகம் கோள்களின் தீங்கு குறித்த அச்சத்திற்கு இத்தகைய விடையளிக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் இராமலிங்க அடிகள் இவ்வினாவை நேரடியாக எதிர்கொண்டார். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய அவர், சீவகாருணிய ஒழுக்கத்தில் ஒரு தடையை எழுப்பி விடை காண்கிறார். முற்பிறப்பின் தீச்செய்கையால் இறைவனின் ஆணைப்படி பசித்திருப்போர்க்கு உணவளித்தல் அவ்வாணைக்கு மாறாகாதா என்பது தடை. கொடுங்குற்றம் புரிந்து சிறைப்பட்டோர்க்கும் அரசன் தன் ஏவலர்வழி உணவளிக்கிறான் என்பது விடையின் அடிப்படை. இங்கு வினைக் கோட்பாடு மறுக்கப்படவில்லை. ஆனால் அது உதவாமைக்குக் காரணமாக நிற்கும் தகுதியை இழக்கிறது. பசித்தவர் குற்றவாளியே ஆனாலும் உணவுக்கு உரியவர் என்பதால், துன்பத்தின் காரணத்தை ஆராய்வது உதவிக்கு முன்நிபந்தனையாகாது. 1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கம் மேலும் ஒருபடி சென்று, தலைவிதி, தலையெழுத்து என்னும் கருத்துகளே சமூகத் தாழ்வை நிலைநிறுத்தும் கருவிகள் என வாதிட்டது.

7. பஞ்சம், விபத்து, பேரிடர்

பொதுத் துன்பங்களுக்கு இடப்பட்ட பெயர்களிலும் பொறுப்புப் பற்றிய கருத்து உள்ளது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டளவில், பஞ்சத்தால் வேளாளர் ஒருவரும் அவருடைய மகளிர் இருவரும் தம்மைத் திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டனர். காசுக்கு மூன்று நாழி நெல் என விற்ற விலையை அக்கல்வெட்டு குறிக்கிறது. துன்பத்தின் அளவு நெல்லின் விலையால் பதிவுசெய்யப்பட்டது. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் மக்கள் நினைவில் 'தாது வருஷப் பஞ்சம்' என நிலைத்தது. ஆண்டின் பெயரால் வழங்கிய அத்தொடரில் மழையின்மைக்கும் இடமில்லை; தானிய ஏற்றுமதிக்கும், துயர்தணிப்புப் பணியாளரின் நாட்கூலியை ஏறத்தாழ ஒரு பவுண்டு தானியமும் சிறுதொகையுமாகக் குறைத்த அரசின் முடிவுக்கும் இடமில்லை. காலமே காரணமாக நின்றது. 1880ஆம் ஆண்டின் பஞ்ச ஆணைய அறிக்கையும் 1883இல் உருவான பஞ்ச விதித்தொகுப்பும் பஞ்சத்தை அரசு கையாள வேண்டிய கடமையாக வரையறுத்தன. விதி என்னும் சொல்லின் இரு பொருள்களும் இங்கு எதிரெதிரே நிற்கின்றன: தலைவிதியாக இருந்த பஞ்சம் ஆட்சி விதிகளுக்குள் வந்தது.

'விபத்து', 'ஆபத்து', 'சம்பத்து' ஆகிய மூன்றும் ஒரே வடமொழி வினையடியிலிருந்து பிறந்தவை. சம்பத்து செல்வத்தையும் மற்ற இரண்டும் கேட்டையும் குறித்தன. தமிழில் ஆபத்து வரக்கூடிய தீங்கையும், விபத்து எதிர்பாராது நேர்ந்துவிட்ட தீங்கையும் குறிப்பனவாகப் பிரிந்தன. தொழிற்சாலை, தொடர்வண்டி, உந்துவண்டி ஆகியவற்றின் பெருக்கத்தோடு விபத்து ஒரு சட்டச் சொல்லாயிற்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், முதலாளியின் கவனக்குறைவை நிறுவ வேண்டிய தேவையின்றியே, பணியின்போது நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு பெற வழிசெய்தது. பழியை நிறுவாமலே துன்பத்திற்கு ஈடுசெய்தல் என்னும் இக்கருத்து, துன்பத்தையும் பழியையும் பிரித்த பழைய சிந்தனைக்கு நிறுவன வடிவம் தந்தது எனலாம்.

ஆயினும் இச்சொல்லுக்கு ஒரு குறையும் உண்டு. துன்புற்றவரைப் பழியிலிருந்து விடுவிக்கும் சொல், துன்பத்தை விளைத்தவரையும் விடுவித்துவிடக்கூடும். 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பற்றி 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அந்நிகழ்வு இன்றளவும் 'தீ விபத்து' என்றே வழங்குகிறது. ஆனால் ஓலைக்கூரையும் பாதுகாப்பற்ற கட்டட அமைப்பும் மேற்பார்வைக் குறைபாடும் அதன்பின் ஆராயப்பட்டன. 2014இல் விசாரணை நீதிமன்றம் சிலர்க்குத் தண்டனை விதித்தது. விபத்து எனப் பெயரிடப்பட்டதில் குற்றமும் அடங்கியிருந்தது.

அதே ஆண்டு திசம்பர் 26 அன்று நேர்ந்த ஆழிப்பேரலைக்குப்பின், 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. 'இடர்' என்னும் பழைய நிகழ்வுச் சொல் இதன்வழிப் புதுவாழ்வு பெற்றது. 'இயற்கைச் சீற்றம்' என்னும் தொடர் சினங்கொண்ட ஓர் ஆற்றலை உட்கொண்டது. சினத்திற்கு உள்ளானவர் அதற்குரியவர் என்னும் குறிப்புக்கும் அதில் இடமுண்டு. பேரிடர் என்னும் சொல் அதனைத் தவிர்க்கிறது. எனினும் ஏரிகளும் நீர்வழிகளும் ஆக்கிரமிக்கப்பட்ட நகரில் வெள்ளம் புகுவதைப் பேரிடர் என்று மட்டும் கூறினால், மனிதச் செய்கையாகிய காரணம் மீண்டும் மறைந்துவிடும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

தொல்காப்பியத்திலும் திருக்குறளின் சில பகுதிகளிலும் துன்பத்தைக் குறிக்கும் சொற்களும் அதன் காரணத்தைக் குறிக்கும் சொற்களும் பிரிந்து நின்றன. பால், ஊழ் என்பன இருபக்கமும் உடைய நடுநிலைச் சொற்கள். அவற்றை ஏற்பது, துன்புற்றவரை இகழாமைக்கு அடிப்படையாகவும் அமைந்தது.

ஊழும் வினையும் இணைந்து, உரைமரபில் பால், முறை, நியதி, விதி ஆகியன ஒருபொருளனவாக்கப்பட்டபின், துன்பத்தின் காரணம் துன்புற்றவரின் செய்கையில் தேடப்பட்டது. கெட்டவன், தரித்திரம், மூதேவி, அமங்கலி ஆகிய சொற்களின் வரலாறு அத்தேடல் வறியவர்மேலும் பெண்கள்மேலும் மிகுதியாகச் சென்று படிந்ததைக் காட்டுகிறது.

'பாவம்' என்னும் சொல்லின் மாற்றமும், பக்திப் பதிகங்களும், இராமலிங்க அடிகளின் விடையும் அதற்கு எதிரான ஓட்டம் தமிழுக்குள்ளேயே இருந்ததற்குச் சான்றுகள். பழி, துன்பம் ஆகியவற்றின் பிரிவு புறத்தேயிருந்து வந்த புதுக்கருத்தன்று.

விபத்து, பேரிடர் என்னும் இக்காலச் சொற்கள் துன்புற்றவரைப் பழியிலிருந்து நீக்கியுள்ளன. அவற்றின் பயன்பாட்டில் பொறுப்பாளரும் நீங்கிவிடும் இடர்ப்பாடு உள்ளது. சிலப்பதிகார அரசவையில் ஊழ்வினை பேசப்படுவதற்கு முன் அரசனின் பிழை நிறுவப்பட்ட வரிசைமுறை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. செய்தித்தாள், நீதிமன்ற ஆவணம், அரசாணை ஆகியவற்றில் கேடு குறித்த சொற்கள் ஆளப்படும் முறையை இந்நோக்கில் தனித்தனியே ஆராய்வது மேலாய்வுக்கு உரிய களமாகும்.